தேவாங்கும் மணிக்கட்டுத் திண்டும்

ஒரு காட்டில், குழிமுயல் செண்பகவடிவைத் தேவாங்கு முத்துக்கண்ணு உயிரோடு கடைசியாகப் பார்த்தது, அந்த முயல் சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு முதலை மடுவை நோக்கி நடந்துபோன ஒரு மத்தியானத்தில்தான்.

அலுவலக வாசலில் நின்று செண்பகவடிவு திரும்பிப் பார்த்தது. "அங்கே மின்விசிறி இருக்குமா முத்து?"

"தண்ணிக்குப் பக்கத்துலதானேக்கா இருக்கு. காத்துக்கு என்ன குறை?" என்றது முத்துக்கண்ணு.

"அதுவும் சரிதான்" என்று செண்பகவடிவு சமாதானமாயிற்று. துணி சுற்றியிருந்த இரண்டு முன்னங்கால்களையும் உயர்த்தி விடை சொல்லிவிட்டு, ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போய்விட்டது.

இரண்டொரு நாளில் மடுவிலிருந்து தகவல் வந்தது. "மேற்படி ஊழியர் பணியில் சேர்த்துக்கொள்ளப்பட்டார். திருப்தி. இன்னும் இருந்தால் அனுப்பவும்."

அந்தக் காட்டில் முதலை மடு அலுவலகத்துக்கு மிகவும் நல்ல பெயர். அங்கே மாற்றலாகிப் போன யாரும் இதுவரை ஒரு நாள் விடுப்புக் கேட்டதில்லை. திரும்பி வர வேண்டும் என்று மனுப் போட்டதில்லை. அவ்வளவு மனநிறைவு.

செண்பகவடிவின் தட்டச்சர் நாற்காலியில் முத்துக்கண்ணு உட்கார்ந்தது.

அந்த நாற்காலி ஏன் உண்டாயிற்று என்று சொல்ல வேண்டும். முன்னெல்லாம் ராஜா சிங்கம் குகை வாசலில் நின்று ஒரு கர்ஜனை செய்தால் போதும், உத்தரவு காட்டின் கடைசி மரம் வரைக்கும் போய்ச் சேரும். ஒரு மழைக்காலத்தில் ராஜாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு குரல் திரும்பவே இல்லை. ஆகவே எல்லா உத்தரவையும் கணினியில் அடித்து ஒட்டுவது என்று ஏற்பாடாயிற்று. கணினி வந்ததும் அதற்கு வேலை வேண்டும் அல்லவா? மான், தான் மான்தான் என்பதற்குச் சான்று வாங்க வேண்டும் என்றார்கள். பாம்பு, காலில்லாச் சான்று வாங்க வேண்டும். பச்சோந்தி, நிறச் சான்று வாங்க வேண்டும்.

இந்தப் பச்சோந்திதான் தட்டச்சர்களின் எமன். பச்சை என்று அடித்துக் கையெழுத்துக்கு அனுப்பினால், கையெழுத்தாகி வருவதற்குள் அது பழுப்பாகி நிற்கும். பழுப்பு என்று அடித்தால், "மன்னிக்கணும் சார், இங்க பயத்துல மஞ்சளாயிட்டேன்" என்று கண்ணை உருட்டும். ஒரே பச்சோந்திக்கு நாள் முழுக்க அடித்த காலமும் உண்டு.

கண்காணிப்பாளர் கரடியின் பெயர் சிவக்கொழுந்து. நல்ல உடம்பு, நல்ல தூக்கம். அதற்கு ஊழியர்களிடம் ஒரு பாகுபாடும் கிடையாது, யாரையுமே பிடிக்காது. ஆனால் அலுவலகச் சாமான்கள்மீது தாய்ப்பாசம். ஒரு ஸ்டூல் ஆடினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தட்டச்சர்கள் விஷயத்தில் அதற்கு ஒரு விதி இருந்தது. மணிக்கட்டு போய்விட்ட தட்டச்சருக்கு இலகுப் பணி கொடுக்க வேண்டும். முதலை மடுவில் கரையோரமாகச் சும்மா உட்கார்ந்திருப்பதைவிட இலகுவான பணி எது?

முத்துக்கண்ணுவுக்கு இந்த விதி நன்றாகத் தெரியும். அதனால்தான், வலது மணிக்கட்டில் முதன்முதலாகச் சுரீர் என்று ஒரு வலி எழுந்து முழங்கைவரை ஓடியபோது, அது யாரிடமும் மூச்சுவிடவில்லை.

வேங்கை மரத்தில் செய்த மேஜை அது. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். தேவாங்கின் கை எப்படி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முருங்கைக்காயில் ரோமம் முளைத்தது மாதிரி. அந்தக் கை அந்த விளிம்பில் நாளெல்லாம் அழுந்திக் கிடந்தால் என்ன ஆகும்? முதலில் விரல் மரத்தது. பிறகு பேனா நழுவியது. அப்புறம் டீ டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

பக்கத்து மேஜையில் தபால்களுக்கு முத்திரை குத்தும் அணில், பூரணம், ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டது.

"ஏன் முத்தண்ணே, டம்ளரைக் கால்ல பிடிச்சுக் குடிக்கிறீங்க?"

"எங்க வீட்டுப் பழக்கம்."

"நேத்து வரைக்கும் உங்க வீட்டுல கை இருந்துச்சே."

முத்துக்கண்ணு கரடியின் மேஜைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தது. கரடி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. "மெதுவாப் பேசு பூரணம். வலி உயிரை எடுக்குது."

"வலி எடுக்கலைன்னாலும் முதலை எடுக்கும். மணிக்கட்டுக்கு அடியில ஏதாவது மெத்துனு வெச்சுக்குங்க. கீபோர்டுக்கு முன்னால நீளமா வைப்பாங்களே, திண்டு, அது."

மறுநாள் முத்துக்கண்ணு தன் துண்டை மடித்து விளிம்பில் போட்டுக்கொண்டது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கரடி வந்து நின்றது.

"இது யாரோட துண்டு?"

"என்னோடது சார்."

"சொந்தத் துண்டை அரசாங்க மேஜையில விரிக்கிறியா? இன்னைக்குத் துண்டு போடுவ. நாளைக்கு மேஜையே என்னோடதும்ப. எடு."

முத்துக்கண்ணு எடுத்தது.

திண்டு வேண்டும் என்று முறையாக மனுக் கொடுக்கலாம். ஆனால் மனுவில் காரணம் எழுத வேண்டும். மணிக்கட்டு வலிக்கிறது என்று எழுதினால், அதுவே மடுவுக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி ஆகிவிடும். முத்துக்கண்ணு தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"மக்கு அண்ணே நீங்க" என்றது பூரணம். "கை தேயுதுன்னு ஏன் எழுதறீங்க? மேஜை தேயுதுன்னு எழுதுங்க."

அப்படியே எழுதினார்கள். 'தட்டச்சரின் மணிக்கட்டு இடைவிடாமல் உராய்வதால் மேஜையின் விளிம்பு தேய்ந்துவருகிறது. மேஜையின் நலனை முன்னிட்டு ஒரு திண்டு வாங்கித் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.'

கரடி அதைப் படித்துக்கொண்டே எழுந்து ஓடிவந்தது. அது ஓடி யாரும் பார்த்ததில்லை. மேஜை விளிம்பைக் குனிந்து தடவிப் பார்த்தது. உண்மைதான். விளிம்பில் இரண்டு இடங்களில், முயலின் மணிக்கட்டு அளவுக்கு, வழவழவென்று பள்ளம் விழுந்திருந்தது.

"ஐயோ, ராஜாவோட அப்பா காலத்து மேஜையாச்சே" என்றது கரடி. "யாரு செஞ்ச வேலை?"

"செண்பகவடிவு அக்கா உட்கார்ந்த இடம் சார்."

"அதைத்தான் அனுப்பியாச்சே. ரொம்பத் தாமதமா அனுப்பியிருக்கோம். சே."

அன்று மாலையே திண்டு வாங்க ஒப்புதல் கிடைத்தது. பொருள் சௌகரியமாக இருக்க வேண்டும். நெடுநாள் தாங்கவும் வேண்டும். தேர்ந்தெடுக்க ஒரு குழுப் போட்டார்கள். கரடி தலைவர். பண்டகசாலைப் பொறுப்பாளர் பெருச்சாளி கலியமூர்த்தி உறுப்பினர். தொழில்நுட்ப வல்லுநராக யானை வந்தது. அந்த யானைக்கு எந்தத் தொழில்நுட்பமும் தெரியாது. ஆனால் அது ஒன்றைச் சொல்லிவிட்டால் மறுத்துப் பேச யாரும் இல்லை.

"நானும் இருக்கட்டுமா சார்?" என்று முத்துக்கண்ணு கேட்டது.

"நீ அதைப் பயன்படுத்தப் போறவன். உனக்கு அதுல சொந்த விருப்பம் இருக்கும். குழுவுல அப்படிப்பட்டவங்க இருக்கக் கூடாது" என்றது கரடி. "டீ கொண்டு வா."

ஆகவே முத்துக்கண்ணு டீ கொண்டுபோகிற சாக்கில்தான் ஒவ்வொரு மாதிரியையும் தொட்டுப் பார்த்தது.

முதலில் இலவம்பஞ்சுத் திண்டு வந்தது. சௌகரியத்தைச் சோதிப்பது கரடியின் பொறுப்பு. அது திண்டைத் தலைக்கு வைத்துப் படுத்தது. மத்தியானம் படுத்தது சாயங்காலம் எழுந்தது. "சௌகரியம்" என்றது. உறுதியைச் சோதிப்பது யானையின் பொறுப்பு. அது காலைத் தூக்கி ஒரு முறை வைத்து எடுத்தது. திண்டு அப்பளமாகிவிட்டது. போதாக்குறைக்கு, பிரிந்த தையல் வழியாகக் குருவிகள் பஞ்சை உருவிக்கொண்டு போய்க் கூடு கட்டின. தள்ளுபடி.

அடுத்தது, உள்ளே கூழ் அடைத்த ஜெல் திண்டு. டீயை வைக்கும்போது முத்துக்கண்ணு மணிக்கட்டை அதன்மேல் ஒரு நொடி வைத்தது. தவளை வயிற்றைத் தொட்டது மாதிரி குளுகுளுவென்று முழங்கைவரை ஏறியது. இதுவாகவே இருக்கக் கூடாதா என்று அதன் மனசு அடித்துக்கொண்டது. யானை காலை வைத்தது. டப் என்று ஒரு சத்தம். கூழில் வழுக்கிய யானை ஜன்னலைத் தாண்டி வெளியே நாவல் மரத்தடியில் போய் நின்றது. "வேகம் நல்லாயிருக்கு" என்றது அங்கிருந்தே. தள்ளுபடி.

மரத்திண்டு வந்தது. யானை ஏறி நின்றது, கூத்தாடிப் பார்த்தது, ஒரு கீறல் இல்லை. கரடி தலையை வைத்தது, தலையில் புடைத்துக்கொண்டது. "மேஜைக்கு மேல இன்னொரு மேஜையை வெச்சா கைக்கு என்ன வித்தியாசம்?" என்று பூரணம் தனக்குள் சொல்லிக்கொள்வது மாதிரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னது. தள்ளுபடி.

ரெக்ஸின் உறை போட்ட நுரைப்பஞ்சு வந்தது. முத்துக்கண்ணுவின் கை வேர்த்து அதில் ஒட்டிக்கொண்டது. உரித்து எடுக்க வேண்டியிருந்தது. கரடி யோசனையாக ஒரு முறை சொறிந்ததும் ரெக்ஸின் பொரிபொரியாக உதிர்ந்தது. தள்ளுபடி.

ஒரு ஆமைகூட வந்தது. "எதுக்குங்க வெளியில அலையறீங்க? என் முதுகு இருக்கு. பேரன் பேத்தி காலம்வரை தாங்கும்" என்றது.

"நீ நடப்பியே?" என்றது பெருச்சாளி.

"ரொம்ப மெதுவாத்தான் நடப்பேன்."

"காலையில உள்ளே ஆரம்பிச்ச கடிதம் சாயங்காலம் வாசல்ல போய் முடியும். வேண்டாம், போயிட்டு வா."

கடைசியாகத் தூக்கணாங்குருவி ஒரு மாதிரியைக் கொத்திக்கொண்டு வந்தது. பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. கெட்டியான நுரை, அழுத்தினால் அமுங்கும், விட்டால் அவசரப்படாமல் மெல்ல மெல்ல மேலே வரும். மேலே நெருக்கமாக நெய்த பருத்தி உறை, கழற்றித் துவைத்துக்கொள்ளலாம். அடியில் நழுவாத ரப்பர். முத்துக்கண்ணு கையை வைத்தது. திண்டு அதை விழுங்கவும் இல்லை, எதிர்த்துத் தள்ளவும் இல்லை. வந்த விருந்தாளியைக் கையைப் பிடித்து உட்கார வைத்த மாதிரி இருந்தது. முத்துக்கண்ணுவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. டீயில் ஒரு சொட்டு விழுந்தது. கரடி அதைக் குடித்துவிட்டு, உப்பு என்றது.

யானை காலை வைத்து எடுத்தது. திண்டு தரையோடு தரையாகக் கிடந்தது. கரடி பெருமூச்சு விட்டபடி, தள்ளுபடி என்று எழுதப் பேனாவைத் தேடியது. அந்தக் காட்டு அலுவலகத்தில் பேனா கிடைப்பதற்கு நேரம் ஆகும். கிடைத்து, மூடியைக் கழற்றி, நிமிர்ந்து பார்த்தால், திண்டு பழையபடி எழுந்து உட்கார்ந்திருந்தது.

"சாகலை" என்றது யானை.

"சௌகரியம், உறுதி, ரெண்டும் இருக்கு" என்றது கரடி. "வாங்கிடலாம்."

அன்றிரவு முத்துக்கண்ணு வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கியது.

திண்டு வந்தது. பளபளக்கும் பிளாஸ்டிக் உறைக்குள் வந்தது. கலியமூர்த்தி பெருச்சாளிக்குக் கண் மங்கல். மூக்கு நன்றாக வேலை செய்யும். அது திண்டை முகர்ந்து பார்த்துப் பரவசப்பட்டது. "புதுச் சாமான் வாசனை!" பிறகு, அலுவலகத்தின் எல்லாச் சாமான்களுக்கும் செய்வதுபோல, வெள்ளைப் பெயிண்டைத் தொட்டு ஓரத்தில் எண் போட்டது. சந்தனம் வைத்தது. குங்குமம் வைத்தது. தேங்காய் உடைத்தது. திண்டை விசைப்பலகைக்கு முன்னால் வைத்தது.

முத்துக்கண்ணு ஆசையோடு கைகளை வைத்தது. சரசரசர. கை வழுக்கியது. ஓர் எழுத்து அடித்தால் மூன்று சத்தம் வந்தது. கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் வேர்த்துக் கை நீந்த ஆரம்பித்தது. கரடி தூக்கம் கலைந்து எழுந்துவிட்டது.

"சார்" என்றது முத்துக்கண்ணு, "இந்தக் கவரை மட்டும் பிரிச்சிடலாமா?"

பூரணம்கூட முத்திரையைப் பாதியில் நிறுத்தியது.

அந்தக் காட்டில் புதுச் சாமானின் பிளாஸ்டிக்கை யாரும் பிரிப்பதில்லை. ராஜாவின் சிம்மாசனத்தில்கூடப் பிளாஸ்டிக் அப்படியே இருக்கிறது. முக்கியமான ஆலோசனைகளின்போது ராஜா கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கிக் கீழே வருவார், மந்திரிகள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள். கிழிந்தால் டேப் ஒட்டுவார்களே தவிர உரிக்க மாட்டார்கள்.

"தாலி கட்டின கையோட மாலையைப் பிச்சுப் போடுவியா நீ?" என்றது கரடி.

"பிரிச்சா பழசாயிடும்" என்றது பெருச்சாளி.

"பழசானா?"

"தேய ஆரம்பிக்கும் சார்."

"தேயாம இருக்கணும்னா?"

"கை படக் கூடாது."

கரடி நெடுநேரம் யோசித்தது. இவ்வளவு பாடுபட்டுத் தேடிய பொருள். யானை மிதித்தும் சாகாத பொருள். அதைப் போய் ஒரு தேவாங்கின் கைக்குக் கீழே போட்டுத் தேய்ப்பதா? "கண்ணாடி அலமாரியில வெச்சுப் பூட்டு. பிளாஸ்டிக் ரோஜாவுக்குப் பக்கத்துல" என்றது. முத்துக்கண்ணுவைப் பார்த்துக் கொஞ்சம் கருணையோடு சேர்த்துச் சொன்னது: "உனக்காகத்தான் வாங்கினது. போகும்போது வரும்போது பாத்துக்கோ."

"அப்போ மேஜை தேயுமே சார்?"

"ஆமா, நல்லவேளை ஞாபகப்படுத்தின. இனிமே மேஜை மேலயும் கை படக் கூடாது. கையை அந்தரத்துல தூக்கிப் பிடிச்சு அடி."

"நல்லாக் கேட்டீங்க அண்ணே" என்று பூரணம் தலையில் அடித்துக்கொண்டது.

அந்தரத்தில் கையைத் தூக்கிப் பிடித்து எத்தனை நாள் அடிக்க முடியும்? அதிலும் அது பச்சோந்திகள் காதலிக்கும் பருவம். நிமிஷத்துக்கு ஒரு நிறம். தோளில் தொடங்கிய வலி மணிக்கட்டில் இருந்த வலியைத் தேடி வந்து நடுவழியில் சந்தித்துக்கொண்டது. ஒரு நாள் ராஜாவின் உத்தரவை அடிக்கும்போது முத்துக்கண்ணுவின் இரண்டு கைகளும் பொத்தென்று விசைப்பலகையின் மேல் விழுந்தன. திரையில் ஒரே எழுத்து பக்கம் பக்கமாக ஓடியது. ராஜா அதைப் படித்துவிட்டு, தன் பழைய கர்ஜனை மாதிரியே இருக்கிறது என்று சைகையால் பாராட்டினார். ஆனால் கரடிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"மணிக்கட்டு போச்சா?"

முத்துக்கண்ணு இரண்டு கைகளையும் மேஜைக்கு அடியில் இழுத்துக்கொண்டது.

"நாளைக்கு ஆயுத பூஜை. பொரி கடலை வாங்கிக்கோ. மறுநாள் மடுவிலிருந்து கொக்கு வந்து கூட்டிட்டுப் போகும். ஒண்ணும் கவலைப்படாதே, அங்கே கையே தேவைப்படாது" என்றது கரடி.

ஆயுத பூஜையன்று அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மேஜைக்குப் பொட்டு, ஸ்டூலுக்குப் பொட்டு, குண்டூசி டப்பிக்குப் பொட்டு. கலியமூர்த்தி ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் மறு கையில் பெயிண்ட் டப்பாவுமாக, மங்கிப்போன எண்களையெல்லாம் புதுப்பித்துக்கொண்டே வந்தது. எல்லோரும் பொரிக்கு வரிசையில் நின்றிருந்தார்கள். திண்டுக்குப் பொட்டு வைப்பதற்காகக் கண்ணாடி அலமாரி திறந்து கிடந்தது.

முத்துக்கண்ணு வரிசையில் நிற்கவில்லை. நாளைக்கு முதலைக்குப் போகிறவனுக்குப் பொரி எதற்கு? அது திறந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக நடந்துபோய் உள்ளே ஏறியது. பிளாஸ்டிக்கின் ஓரத்தைத் தூக்கி, இரண்டு கைகளையும் உறைக்குள் நுழைத்து, பருத்தித் துணியின்மேல் வைத்தது.

ஆகா. இந்தக் கைகள் இத்தனை நாளும் எதற்காகத் தவித்தனவோ அது கிடைத்துவிட்டது. நுரை மெல்ல இறங்கி இடம் கொடுத்தது. வலி ஒவ்வொரு விரலாக விட்டு இறங்கியது. இதற்கப்புறம் முதலையானால் என்ன, எதுவானால் என்ன என்று தோன்றியது.

அப்போது காலடிச் சத்தம் கேட்டது.

பயந்துபோன தேவாங்கு ஓடாது. அதன் குலத்தின் வழக்கம் அப்படி. இருந்த இடத்தில், இருந்தபடியே, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உறைந்துவிடும். முத்துக்கண்ணு உறைந்தது.

கலியமூர்த்தி அலமாரிக்குள் மூக்கை நீட்டியது. பெயிண்ட் நெடியில் அன்றைக்கு மூக்கும் வேலை செய்யவில்லை. திண்டுக்கு மேலே இன்னொன்று இருப்பது தட்டுப்பட்டது. தடவிப் பார்த்தது. "இது எப்போ வந்துச்சு? திண்டோட சேர்ந்து வந்த சாமானா? நல்ல துணியாப் போட்டிருக்கான்." வயிற்றை விரலால் அழுத்தியது. முத்துக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டது; அடக்க முடியாமல் மெல்ல மெல்ல உள்ளே இழுத்தது. வயிறு அமுங்கி, மெல்ல மேலே வந்தது.

"அதே நுரைதான்" என்று கலியமூர்த்தி திருப்தியடைந்தது. நெற்றியில் சந்தனம் வைத்தது. குங்குமம் வைத்தது. முதுகில் வெள்ளைப் பெயிண்டால், திண்டுக்கு அடுத்த எண்ணைப் பெரிதாக எழுதியது. அங்கே இருந்த ஒரு பழைய பிளாஸ்டிக் உறையை எடுத்துத் தலைவழியாகக் கவிழ்த்தது. அதில் ஏற்கெனவே எலி கடித்த பெரிய ஓட்டை இருந்ததால் மூச்சுக்குப் பழுதில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பொரி வாங்கப் போய்விட்டது.

மறுநாள் காலையில் மடுவிலிருந்து கொக்கு வந்தது. தோளில் கயிறு.

"தட்டச்சர் எங்கே?"

நாற்காலி காலியாக இருந்தது. மேஜைக்கு அடியில் தேடினார்கள். கூரையில் தேடினார்கள். கடைசியில் கரடியின் கண் கண்ணாடி அலமாரியில் பட்டது. உள்ளேயிருந்து இரண்டு பெரிய வட்டக் கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அதோ இருக்கான் திருட்டுப் பயல்! திற அலமாரியை!"

கலியமூர்த்தி வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. "சார், அது சாமான்."

"யோவ், அது முத்துக்கண்ணுய்யா!"

"நம்பர் போட்டிருக்கு பாருங்க. பொட்டு வெச்சிருக்கு. கவர் போட்டிருக்கு. ஊழியர் யாருக்காவது இதெல்லாம் நாம செஞ்சிருக்கோமா சார்?"

கரடி நினைவுபடுத்திப் பார்த்தது. செய்ததில்லை.

"முத்துக்கண்ணு! நீதானே? வாயைத் திறந்து சொல்லு!"

முத்துக்கண்ணுவின் தொண்டைவரை பதில் வந்தது. மேலதிகாரி கேட்டுப் பதில் சொல்லாமல் இருந்து அதற்குப் பழக்கமில்லை. ஆனால் கொக்கின் கயிறு கண்ணில் பட்டதும் பதில் திரும்பி இறங்கிவிட்டது.

"வாயில்லாச் சாமானை ஏன் சார் இந்த மிரட்டு மிரட்டறீங்க?" என்றது பூரணம்.

"சரி, சாமானாவே இருக்கட்டும். கொக்குகிட்ட கொடுத்தனுப்பு."

"அதெப்படி சார் முடியும்?" கலியமூர்த்திக்கு ரோஷம் வந்துவிட்டது. "அரசாங்கச் சாமானை வெளியே அனுப்பணும்னா கழிச்சுக்கட்டணும். கழிச்சுக்கட்டணும்னா உடைஞ்சிருக்கணும். இது புத்தம் புதுசு. இன்னும் ஒரு நாள்கூட உபயோகிக்கலை. நம்பர் தப்புன்னு சொன்னீங்கன்னா, அப்போ உங்க நாற்காலி நம்பர் சரியா, மேஜை நம்பர் சரியான்னு ராஜா கேட்பாரு. மேஜையைத் தூக்கிட்டுப் போய் விசாரிப்பாங்க."

மேஜையைத் தூக்கிக்கொண்டு போவார்கள் என்றதும் கரடிக்கு வியர்த்துவிட்டது. அது அலமாரியிலிருந்து பின்வாங்கியது. "சரி சரி. சாமான்தான். நல்ல சாமான்."

"உங்க சாமான் கதையெல்லாம் எனக்கு வேண்டாம்" என்றது கொக்கு. "தட்டச்சர் நாற்காலியில உட்கார்ந்திருக்கிற ஆளைக் கூட்டிட்டு வரணும்னு எனக்கு உத்தரவு. நாற்காலி காலின்னா, காலின்னு எழுதிக் கொடுங்க. போறேன்."

"தாராளமா எழுதித் தர்றேன்" என்று கரடி பேனாவைத் தேடியது.

பூரணம் முத்திரையை ஊதிக்கொண்டே, யாரையும் பார்க்காமல், "தட்டச்சர் இடம் காலின்னு எழுதிக் கொடுத்தா அந்த வேலையையே எடுத்துடுவாங்க. வேலையை எடுத்தா அந்த மேஜையையும் எடுத்துட்டுப் போயிடுவாங்க. நமக்கென்ன" என்றது.

கரடியின் கண் வேங்கை மர மேஜைக்குப் போயிற்று. முந்தின நாள் வைத்த சந்தனம் இன்னும் உதிராமல், ராஜாவின் அப்பா காலத்து மினுமினுப்போடு அது நின்றிருந்தது.

"யாரு சொன்னா காலின்னு?" என்று கரடி இரைந்தது. இரண்டே எட்டில் போய்த் தட்டச்சர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, மேஜையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டது. "நான் பார்க்கிறேன் இந்த வேலையை! இது கூடுதல் பொறுப்பு! இந்த மேஜையை எவன் எடுக்கிறான்னு பார்ப்போம்!"

"அப்படியா? ரொம்ப நல்லது" என்று கொக்கு கயிற்றை எறிந்தது. "கிளம்புங்க சார்."

"யோவ், நான் கண்காணிப்பாளர்!"

"இருக்கலாம். நாற்காலி தட்டச்சரோடது."

கரடி மேஜையை விடவில்லை. கடைசியில் பெருச்சாளிதான் போய், "கீறல் விழுது சார், கீறல் விழுது" என்று கெஞ்சியது. கீறல் விழுகிறது என்றதும் கரடி உடனே கையை எடுத்துவிட்டது. கொக்கு கூட்டிக்கொண்டு போயிற்று. கரடிக்குப் பெரிய உடம்பு. மடுவில் அதற்கப்புறம் ரொம்ப காலத்துக்கு ஆள் தேவைப்படவில்லை.

புதிதாக யாரும் அந்த நாற்காலிப் பக்கம் போகவில்லை. சான்றுகள் நின்றுபோயின. மான்கள் ஒரு தாளும் இல்லாமல் மான்களாகவே இருந்தன. பச்சோந்தி இஷ்டத்துக்கு நிறம் மாறிக்கொண்டது. ஒருமுறை ராஜாவே பார்வையிட வந்தார். அலமாரியைக் காட்டி, அது என்ன என்று சைகையில் கேட்டார்.

"மணிக்கட்டுத் திண்டும் அதோட துணைச் சாமானும் மகாராஜா."

உபயோகிக்கிறீர்களா என்று கேட்டார்.

"சேச்சே" என்றது கலியமூர்த்தி.

ராஜா மகிழ்ந்துபோனார்.

முத்துக்கண்ணுவின் மணிக்கட்டு இப்போது வலிப்பதில்லை. பகலில் திண்டில் தலை வைத்துத் தூங்குகிறது. பூரணம்தான் அலமாரியின் பின்பலகை இடுக்கு வழியாக வண்டும் வெட்டுக்கிளியும் கொண்டுவந்து தள்ளும். ஒரு நாள் அது இடுக்கில் வாயை வைத்துக் கேட்டது.

"கரடிதான் போயாச்சே அண்ணே. கொக்கும் வர்றதில்ல. வெளியே வந்தா என்ன?"

முத்துக்கண்ணு வாயிலிருந்த வெட்டுக்கிளியை மென்று விழுங்கிவிட்டு, உதடு அசையாமல் சொல்லிற்று: "வெளியே வந்தா ஊழியர் ஆயிடுவேன் பூரணம்."

அந்த அலமாரியில் ஒரு திண்டும் ஒரு தேவாங்கும் இருக்கின்றன. இரண்டும் நல்ல நிலையில் உள்ளன.

நீதி: மணிக்கட்டுக்கு அடியில் வைக்க எந்தப் பொருள் நல்லது என்று தேடி அலையாதீர்கள், நீங்களே ஒரு பொருளாகிவிடுங்கள், உடனே உங்களுக்கு உறை போட்டுப் பாதுகாப்பார்கள்.